கிளட்சை மிதித்தால் எது நிற்கும்? – டிராக்டர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மன்னவனூரில் எங்களுக்கு நாலு ஏக்கர். கேரட், உருளை, பீன்ஸ், கொஞ்சம் மலைப்பூண்டு. ரெண்டு ஏக்கர் ரோட்டோரம் ஓரளவு சமம், மீதி சரிவில் படிக்கட்டாக இருக்கிறது. இதுவரை வாடகை வண்டிதான், சீசனில் எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்பதால் நமக்கு வரும்போது ஈரம் போய்விடுகிறது. பழைய டிராக்டர் வாங்கலாம் என்று மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். வத்தலக்குண்டில் ஒரு 39 எச்பி, சிங்கிள் கிளட்ச், விலை குறைவு. ஒட்டன்சத்திரத்தில் ஒரு 42 எச்பி, டூயல் கிளட்ச், லைவ் பிடிஓ என்கிறார்கள், முதல் வண்டியைவிட ஒன்றரை லட்சம் அதிகம். பழனியில் ஒரு 24 எச்பி மினி, ஃபோர்வீல் டிரைவ், 'இண்டிபெண்டன்ட் பிடிஓ, ரெண்டு ஸ்பீடு' என்று புரோக்கர் சொல்கிறார். ரோட்டவேட்டர் கட்டாயம் வேண்டும், மருந்தடிக்க பம்ப், அப்புறம் டிரெய்லர். இது எனக்கு முதல் வண்டி. பிடிஓவில் எந்த வகை எடுப்பது?
– ஒரு வாசகர், மன்னவனூர்

பதில்: தம்பி, பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் டயரைத் தட்டுவார்கள், புகையைப் பார்ப்பார்கள், ஆர்சி புக்கைப் புரட்டுவார்கள், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பல் வைத்த தண்டை, அதாவது இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பிடிஓவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம்.

540, 1000, ரிவர்ஸ், எகானமி என்று புரோக்கர் அடுக்குவதையெல்லாம் ஒரு ஓரமாக வையுங்கள். அவை தண்டு எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்ற கணக்கு, அதற்குப் பிறகு வருகிறேன். மலையில் வண்டி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, கிளட்சை மிதித்தால் எது நிற்கும் என்பதுதான். சக்கரம் மட்டுமா, பின்னால் சுற்றும் தண்டும் சேர்ந்தா?

சிங்கிள் கிளட்ச் வண்டியில் ரெண்டும் ஒரே வழியில் சக்தி வாங்குகின்றன, அதனால் மிதித்தால் ரெண்டுக்கும் இன்ஜின் சக்தி அறுந்துபோகும். சமவெளியில் நீளமான வயலில் இது பெரிய தொல்லை இல்லை. உங்கள் படிக்கட்டில் ஒரு ஓட்டம் இருபது முப்பது மீட்டர்தான் இருக்கும், அதற்குள் வரப்பு வந்துவிடும், தூக்கித் திருப்ப வேண்டும், கியர் மாற்ற வேண்டும், நடுவில் ஒரு கல் வந்தால் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறை கிளட்சில் கால் வைக்கும்போதும், கத்திகள் சுற்றி மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். காலை எடுத்ததும் புதைந்த நிலையிலேயே அது சுற்றத் தொடங்க வேண்டும், வண்டியும் அதே நொடியில் நகரத் தொடங்கும். அந்த 'டக்' என்ற குலுக்கலை வாங்கிக்கொள்வது, பிடிஓ தண்டையும் கருவியையும் இணைக்கும் ஜாயின்ட் ஷாஃப்டின் கிராஸ், அதாவது மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு. கிராஸ் தாங்கினால் ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸ், அதுவும் தாங்கினால் உங்கள் கிளட்ச் பிளேட். ஏதோ ஒன்று செலவு வைக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. இந்த வகையில் கிளட்சை மிதித்தால் இன்ஜின்தான் பிரிகிறது, பிடிஓ தண்டும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கின்றன. பின்னால் புல் வெட்டும் ஸ்லாஷர் மாதிரி கனமாகச் சுற்றும் கருவி இருந்தால், அது சுற்றிய வேகம் தண்டு வழியாகத் திரும்பி வந்து கியர் வழியாகச் சக்கரத்தைத் தள்ளும். கிளட்சை முழுதாக மிதித்திருப்பீர்கள், வண்டி நிற்காமல் முன்னால் போய்க்கொண்டிருக்கும். சமவெளியில் ரெண்டு மூன்று அடி போய் வரப்பில் முட்டும், படிக்கட்டு நிலத்தில் அந்த ரெண்டு மூன்று அடிக்கு அப்பால் கீழ்த்தட்டு இருக்கிறது. இதற்கென்று ஓவர்ரன்னிங் கப்ளிங் என்று ஒரு சாமான் கிடைக்கிறது, ஒரு பக்கம் மட்டும் சக்தி கடத்தும், கருவி தள்ளினால் வழுக்கிவிடும். சிங்கிள் கிளட்ச் வண்டிதான் வாங்கப் போகிறோம், ஸ்லாஷரும் ஓட்டப் போகிறோம் என்றால் அது இல்லாமல் ஓட்டவே கூடாது. அதை மாட்டினால் தண்டின் நீளம் சில அங்குலம் கூடும், ஜாயின்ட் ஷாஃப்டை அதற்கேற்ப வெட்டிச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் கருவியைத் தூக்கி இறக்கும்போது குழாய் முட்டி பேரிங்கைத் தின்றுவிடும்.

டூயல் கிளட்ச் என்பது ஒரே பெடலில் ரெண்டு படி. பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். முழுதாக மிதித்தால் ரெண்டும் நிற்கும். இதைத்தான் லைவ் பிடிஓ என்கிறார்கள். கல் வந்தால் பாதி மிதித்து நிற்கலாம், ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், கியர் மாற்றிப் புறப்படலாம். ரோட்டவேட்டருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. ஒரு குறை, பாதி எது முழுசு எது என்று பெடலுக்குத் தெரியாது, உங்கள் காலுக்குத்தான் தெரிய வேண்டும். புது டிரைவர்கள் பாதியிலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள், பிளேட் தேய்ந்துபோகும். பிளேட் மாற்ற டிராக்டரை நடுவில் ரெண்டாகப் பிரித்தாக வேண்டும், அதற்கு வண்டியை மலையிலிருந்து இறக்குகிற செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இண்டிபெண்டன்ட் என்பது தண்டுக்கென்று தனி கிளட்ச். கால் பெடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, லிவரையோ சுவிட்சையோ போட்டால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்டு சுற்றும், எடுத்தால் நிற்கும். வரப்போரம் திருப்பும்போது கருவியை உயரமாகத் தூக்கினால் ஜாயின்ட் ஷாஃப்ட் கோணல் அதிகமாகிக் கடகடவென்று அடிக்கும், சரிவில் வண்டி மூக்கைக் கீழே வைத்திருந்தால் இன்னும் அதிகம். அந்த நேரத்தில் கை லிவரை எடுத்தே தண்டை நிறுத்திவிட்டு, ரெண்டு காலையும் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் மிச்சம் வைத்துக்கொள்ளலாம். மலைக்கு இதுதான் நிம்மதி.

ஆனால் பழைய வண்டிச் சந்தையில் 'இண்டிபெண்டன்ட்' என்ற வார்த்தையை நம்பாதீர்கள். லிவர் ஒன்று இருந்தாலே இண்டிபெண்டன்ட் என்று சொல்லிவிடுகிறார்கள், சாதாரண பிடிஓவுக்கும் லிவர் உண்டு. சோதிப்பது சுலபம். வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, விற்பவரையே பிடிஓவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் லிவரைப் பார்க்காதீர்கள், அவர் இடது காலைப் பாருங்கள். கால் தானாகக் கிளட்சைத் தேடிப் போனால் பதில் கிடைத்துவிட்டது. அப்புறம் மெதுவாக, "கிளட்சை மிதிக்காமல் போடுங்களேன்" என்று கேளுங்கள். நிஜமான இண்டிபெண்டன்ட் என்றால் சத்தமில்லாமல் சுற்றத் தொடங்கும், இல்லையென்றால் அவரே "வேண்டாம் தம்பி, பல் போயிடும்" என்பார்.

சரி, இப்போது வேகம். நம் ஊரில் கிடைக்கும் ரோட்டவேட்டர், பம்ப், ஸ்லாஷர் எல்லாமே நிமிஷத்துக்கு 540 சுற்றுக்குச் செய்தவை, தண்டு 35 மில்லிமீட்டர் தடிமன், ஆறு பல். 1000 சுற்றுத் தண்டில் 21 பொடிப் பல் இருக்கும், அது பெரிய வண்டிகளுக்கு, உங்களுக்குத் தேவையில்லை. பழனி மினியில் சொன்ன 'ரெண்டு ஸ்பீடு' என்பதில்தான் கவனம் வேண்டும். மினி டிராக்டர்கள் சிலவற்றில் 540-ஐ ஒட்டி ஒன்றும், 750 அல்லது 1000-ஐ ஒட்டி இன்னொன்றும் ஒரே ஆறு பல் தண்டிலேயே வரும். கருவி எதையும் தடுக்காது, ரெண்டிலும் அழகாக மாட்டிக்கொள்ளும். லிவரைத் தெரியாமல் மேல் வேகத்துக்குத் தள்ளிவிட்டு ரோட்டவேட்டரை ஓட்டினால் அதன் பக்கவாட்டில் செயின் ஓடும் பெட்டியான செயின் கேஸ் சூடாகி ஆயில் கக்கும், கத்தி போல்ட் தெறிக்கும். வாங்கியதும் அந்தப் பக்கம் போகாமல் லிவரை ஒரு கம்பியால் கட்டிவிடுங்கள்.

எகானமி, அதாவது 540இ என்பது இன்ஜினைக் குறைந்த சுற்றில் வைத்தே தண்டை 540-க்குக் கொண்டுவரும் பல்வரிசை. பம்ப், சின்ன ஜெனரேட்டர் மாதிரி லேசான வேலைக்கு டீசல் மிச்சம். ரோட்டவேட்டருக்கு அதைப் போட்டால் இன்ஜின் மூச்சு வாங்கும். ரிவர்ஸ் பிடிஓ இருந்தால் நல்லது, மன்னவனூர்ப் பக்கம் கிக்குயூ புல் ரோட்டரில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளுமே, அதை இளக்குவதற்கு. அதற்கும்கூட இன்ஜினை அணைத்துவிட்டு அரிவாளால் அறுத்தெடுப்பதே எனக்குப் பிடித்த வழி. வண்டி ஓடும் வேகத்துக்கேற்பத் தண்டு சுற்றும் கிரவுண்ட் ஸ்பீடு பிடிஓவும் சிலதில் இருக்கும், அதற்காக ஒரு ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டாம்.

இப்போது மலைக்காரர்கள் மட்டும் போட வேண்டிய கணக்கு ஒன்று. இன்ஜினில் எழுதியிருக்கும் எச்பி பிடிஓ தண்டுக்கு அப்படியே வராது, சுமார் 85 சதவீதம் வந்தால் நல்லது. அதற்கு மேல் காற்று. டர்போ இல்லாத இன்ஜின் கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி இழக்கும் என்பது பொதுவான கணக்கு. மன்னவனூர் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம், ஆக ஐந்தில் ஒரு பங்கு போச்சு. 24 எச்பி மினி தண்டில் 20 கொடுத்து, உங்கள் வயலில் 16-தான் கொடுக்கும். 42 எச்பி வண்டி 28, 29-க்கு வந்து நிற்கும். கீழே பழனியில் நாலடி அகல ரோட்டவேட்டரை இழுத்துக் காட்டினார்கள் என்று நம்பி மேலே கொண்டுவந்து, கரும்புகை கக்குகிறது, டீசல் பம்பைப் பார்க்கணும் என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு. பம்பில் ஒன்றும் இருக்காது, டீசல் அதே அளவு போகிறது, காற்று குறைவு, அவ்வளவுதான். மினிக்கு மூன்றடி, 42-க்கு நாலடி, அதோடு நிறுத்துங்கள். ஐந்தடி வாங்காதீர்கள்.

தண்டைக் கையால் பார்ப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இன்ஜின் அணைந்திருக்கட்டும், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். மூடியைக் கழற்றி, கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவுங்கள். நல்ல பல்லின் ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி நேராக இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து, நுனி கத்தி மாதிரி விரலில் இடிக்கும், லாக் பின் விழும் பள்ளத்துக்கு முன்னால் ஒரு படி தட்டுப்படும். அப்புறம் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆடினால் பேரிங் போயிருக்கிறது. சீலைச் சுற்றி ஆயில் கசிந்து புழுதி அப்பியிருந்தால் அதுவும் செலவு. புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் விற்பவரைச் சந்தேகப்பட வேண்டாம், பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள்.

வண்டி முன்பு என்ன வேலை செய்தது என்று கட்டாயம் கேளுங்கள். கிணறு வெட்டவும் பாறை உடைக்கவும் கம்ப்ரசர் கட்டி ஓட்டிய வண்டி என்றால் பிடிஓ நாள் முழுக்கச் சுமையோடு சுற்றியிருக்கும். விற்கும்போது கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு விற்பார்கள். பின் ஆக்சில் கேசிலும் மட்கார்டு அடியிலும் போல்ட் போட்ட புதுத் துளை, வெல்டிங் தடம் இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் டேங்கர் மட்டும் இழுத்த வண்டியில் பிடிஓ கன்னி கழியாமல் இருக்கும், பிரேக்கும் கிளட்சும் தேய்ந்திருக்கும்.

டூயல் கிளட்ச் வண்டியை ரோட்டவேட்டரோடு மண்ணில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மண்ணுக்குள் சுற்றும்போது பாதி மிதியுங்கள், சக்கரம் நின்று தண்டு அதே வேகத்தில் சுற்ற வேண்டும். தண்டும் தளர்ந்தால் செட்டிங் போயிருக்கிறது, அல்லது பிளேட். இண்டிபெண்டன்ட் என்றால், காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். லிவரை எடுத்த பிறகும் தண்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம், கெட்டியான ஆயில் பிளேட்டுகளை ஒட்டி இழுக்கும், நம் குளிரில் இது சகஜம். வண்டி சூடான பிறகும் சுற்றினால் உள்ளே கிளட்ச் பேக், அதாவது அந்தப் பிளேட்டுகளின் அடுக்கு, வேலை கேட்கிறது, அதன் செலவு லேசில்லை.

என் முடிவு: வத்தலக்குண்டு வண்டியை விட்டுவிடுங்கள், விலை குறைந்தாலும் சரிவுக்கு வேண்டாம். பழனி மினி நான் சொன்ன சோதனையில் தேறினால் அதைத்தான் எடுப்பேன், அகலம் குறைவு, படிக்கட்டில் திரும்பும், காய்கறி மூட்டையை ரோடு வரை கொண்டுவர அதன் டிரெய்லர் போதும். அங்கிருந்து மார்க்கெட்டுக்குப் பிக்கப் வண்டியில் போகட்டும். தேறாவிட்டால் ஒட்டன்சத்திரம். ஆனால் அதை வாங்கும் முன் உங்கள் சரிவுத் தட்டுகளை டேப் வைத்து அளந்து, வண்டி திரும்ப இடம் இருக்கிறதா பாருங்கள். இடம் இல்லாத தட்டுக்குப் பவர் டில்லரை வாடகைக்கு எடுப்பதுதான் வழி, எந்த பிடிஓவும் உதவாது. கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் பைனான்ஸ்காரரின் என்ஓசியும் படிவம் 35-ம், பெயர் மாற்ற 29, 30 படிவங்களும் கையில் வராமல் முழுப்பணம் தராதீர்கள்.

இன்னொன்று. சரிவுத் தட்டுகளில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ரோட்டவேட்டரை மாவு மாதிரி ஓட்டி வைக்காதீர்கள். மேல்மண் ஓடைக்குப் போய்விடும். கேரட் பாத்திக்குப் பொடிமண் வேண்டும்தான், பாத்தி போடும் இடத்தில் மட்டும், சரிவுக்குக் குறுக்காக.

கேள்வி: தாண்டிக்குடியில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். உழவு வேலையே கிடையாது. மழைக்கு முன் போர்டோ கலவை அடிப்பதற்கும் உரம் ஏற்றவும் மட்டும் ஒரு பழைய வண்டி. எனக்கும் டூயல் கிளட்ச் அவசியமா?
– ஒரு வாசகர், தாண்டிக்குடி

பதில்: அவசியமில்லை ஐயா. வண்டியைத் தோட்டத்துப் பாதையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கியர் நியூட்ரலில் பம்பை ஓட்டுவீர்கள், ஹோஸ்தான் செடிக்குப் போகிறது. நின்ற இடத்தில் சுற்றும் வேலைக்குச் சிங்கிள் கிளட்ச் தாராளம். மேலே தம்பிக்கு வேண்டாம் என்று சொன்ன வண்டி உங்களுக்கு லாபமான வண்டி. 540இ இருந்தால் டீசலில் தெரியும், உங்கள் கணக்கில் அதற்கு மட்டும் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். போர்டோ கலவையில் மயில்துத்தம் இருப்பதால் வேலை முடிந்ததும் பம்பில் நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவிவிட்டு, தண்டின் பல்லையும் துடைத்து கிரீஸ் வையுங்கள், துருப்பிடித்துப் போனால் கப்ளிங் கழற்ற வராது. தோட்டத்துப் பாதை இறக்கமாக இருந்தால் பிடிஓவை விட பிரேக்கை அதிகம் சோதித்து வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய ரோட்டவேட்டருடன் வந்த ஜாயின்ட் ஷாஃப்டில் பிளாஸ்டிக் உறை இல்லை. "அது எதுக்கும்மா, கிரீஸ் வைக்கும்போது தொந்தரவு" என்கிறார் விற்றவர். அது இல்லாமல் ஓட்டலாமா?
– ஒரு வாசகி, பூம்பாறை

பதில்: ஓட்டாதீர்கள் அம்மா. 540 சுற்று என்றால் ஒரு நொடிக்கு ஒன்பது சுற்று. பூம்பாறையில் காலை ஏழு மணிக்கு வயலில் நிற்கிற யாரையும் நினைத்துப் பாருங்கள், கழுத்தில் மப்ளர், மேலே சால்வை அல்லது லூசான ஸ்வெட்டர், பெண்கள் என்றால் சேலை முந்தானையும். அதில் ஒரு நூல் லாக் பின்னில் மாட்டினால், "ஐயோ" என்று கத்தி லிவரை எடுப்பதற்குள் துணி முழுவதும் சுற்றியிருக்கும். சமவெளியில் இருப்பவர்களைவிட நமக்கு உறை அதிகம் தேவை.

உறை தனியாகவே கிடைக்கும், உங்கள் ஷாஃப்டின் குழாய் நீளத்தையும் தடிமனையும் அளந்து கொண்டுபோய் கேளுங்கள். அது சுற்றாமல் இருக்க ஒரு சின்னச் சங்கிலி வரும், அதை டிராக்டரில் அசையாத ஓர் இடத்தில் மாட்ட வேண்டும், பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உறை மாட்டிய பிறகு, இன்ஜின் அணைந்திருக்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள், உள்ளே தண்டு நிற்க உறை மட்டும் லேசாகச் சுற்ற வேண்டும். டிராக்டர் பக்கம் தண்டுக்கு மேலே கவிழ்ந்திருக்கும் இரும்பு மூடியையும் கழற்றி வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். கிரீஸ் வைக்க உறையில் ஓட்டை இருக்கும், தொந்தரவு ஒன்றுமில்லை.